ஜெனரேட்டர் வாங்கப் போன கதையும் கொஞ்சம் கரண்டு வரலாறும்

போன ஐப்பசியில ஒரு ராத்திரி. மலைப்பக்கம் மழை பிடிச்சு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. பதினொன்றரைக்கு கரண்டு போச்சு. கரண்டு போனா எங்க வீட்டுல முதல்ல வர்றது இருட்டு இல்ல, சத்தம். அப்பாவோட ஆக்ஸிஜன் மிஷின் "பீ...ம்"னு அலற ஆரம்பிச்சுரும். இன்வெர்ட்டர் பேட்டரி மூணு மணி நேரம் இழுத்துச்சு. அப்புறம் அதுவும் அலற ஆரம்பிச்சது. சின்ன சிலிண்டரை எடுத்து மாட்டிவிட்டு, அதோட முள்ளைப் பார்த்துக்கிட்டே விடியிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அப்பா மட்டும் நிதானமா சொன்னாரு: "மூச்சு விடுறதுக்குக் கூட ஈபிக்காரன் தயவு வேணும் போலயே. ஒரு இன்ஜின் வாங்கிப் போடுடா."

இன்ஜின்னு அவர் சொன்னது ஜெனரேட்டரை. அவர் காலத்துல அதுக்கு அதுதான் பேர். 1960-களின் கடைசியில இருந்து பத்துப் பதினஞ்சு வருஷம் சின்னமனூர், உத்தமபாளையம் சுத்துப்பட்டுல டூரிங் டாக்கீஸ்ல இன்ஜின் ஓட்டுனவர் அவர். படம் ஓட்டுறவருக்கு ஆபரேட்டர்னு மரியாதை. இவருக்கு வெறும் "இன்ஜின்காரர்". ஆனா இவர் இல்லேன்னா அவர் இல்ல.

ஜெனரேட்டர் தேட ஆரம்பிச்சு ஒரு மாசம் அலைஞ்சேன். அலைஞ்சதுல மிஷினைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டதை விட, நம்ம பள்ளத்தாக்குல கரண்டு வந்த கதையைத்தான் அதிகமா தெரிஞ்சுக்கிட்டேன். அதனால பதிவு கொஞ்சம் நீளம். டீ எதுவும் குடிக்கணும்னா குடிச்சுட்டு வந்துருங்க :-)

கம்பத்துல இருந்து குமுளி மலை ஏறும்போது பஸ் ஜன்னல்ல பார்த்தா ராட்சசக் குழாய்கள் மலையில இருந்து கீழ இறங்குறது தெரியும். லோயர் கேம்ப் பெரியாறு மின் நிலையத்துக்குத் தண்ணி கொண்டு போற குழாய்கள். நாலு மிஷின், ஒவ்வொண்ணும் 35 மெகாவாட்டுன்னு ஆரம்பத்துல மொத்தம் 140 மெகாவாட். 1950-களோட கடைசியில ஓட ஆரம்பிச்சது, நாலாவது மிஷின் 1965-ல வந்துச்சு. கைக்கெட்டுற தூரத்துல இவ்வளவு கரண்டை வச்சுக்கிட்டு நாம ஏன் மெழுகுவர்த்தி தேடணும்ங்கிறது, எங்க ஊர்ல பிறந்த ஒவ்வொருத்தனும் ஒரு தடவையாவது கேட்ட கேள்வி.

ஆனா அந்தத் தண்ணியில இருந்து கரண்டு எடுக்குறதே பெரிய வழக்கா இருந்திருக்கு. 1886 அக்டோபர் 29-ல திருவிதாங்கூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் குத்தகைப் பத்திரம் எழுதுறாங்க. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், 999 வருஷம். 1895-ல பென்னிகுக் கட்டின அணை வேலைக்கு வந்து, தண்ணி மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா நம்ம பக்கம் இறங்குது. அவ்வளவு உயரத்துல இருந்து விழுற தண்ணியைப் பார்த்தா எந்த இன்ஜினியருக்கும் கை அரிக்காதா? அணை கட்டும்போதே சுண்ணாம்பை மலைக்கு ஏத்த, தண்ணி விசையில ஓடுற கம்பிவட இழுவை போட்டிருக்காங்க. பின்னாடி சென்னை மாகாணம் இந்தத் தண்ணியில மின்சாரம் எடுக்கணும்னு கிளம்ப, பத்திரம் பாசனத்துக்குத்தான்னு திருவிதாங்கூர் மறிச்சது. ரெண்டு தரப்பு மத்தியஸ்தர்களும் ஒத்துப்போகல. விஷயம் நடுவர்கிட்ட போயி, 1941-ல அவர் திருவிதாங்கூர் பக்கம்தான் தீர்ப்பு சொன்னாரு. தண்ணியை வயலுக்கு விடலாம், விளக்கெரிக்கக் கூடாது!

சுதந்திரத்துக்கு அப்புறம் பேசிப் பேசி வழி பண்ணி, காமராஜர் முதல்வரா இருந்த காலத்துல மின் நிலையம் வந்துச்சு. அதுக்கு முறைப்படி துணை ஒப்பந்தம் 1970 மே மாசம்தான் கையெழுத்தாச்சு. ஏக்கருக்கு 5 ரூபாய் 30 ஆச்சு, கரண்டுக்குத் தனிப் பணம். பத்திரம் எழுதி ஏறத்தாழ 70 வருஷம் எங்க பாட்டன் பூட்டனெல்லாம் அந்தத் தண்ணியைக் குடிச்சு, குளிச்சு, நெல்லு வெளைய வச்சிருக்காங்க. ராத்திரிக்கு மட்டும் மண்ணெண்ணெய்.

கல்யாணம் காட்சின்னா பெட்ரோமாக்ஸ். இதுல ஒரு வேடிக்கை. பெர்லின்ல கிரேட்ஸ் கம்பெனி செஞ்ச விளக்கு அது. அந்த மாதிரி விளக்கோட வலைத் திரியில வெளிச்சம் கொடுக்கிறது தோரியம். தோரியத்துக்கு வேண்டிய மோனசைட் மணல், 1909 வாக்குல மணவாளக்குறிச்சிக் கடற்கரையில கண்டுபிடிக்கப்பட்டு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறிச்சு. அப்போ அதுவும் திருவிதாங்கூர் சீமை! தண்ணியில கரண்டு எடுக்கக் கூடாதுன்னு சொன்ன சீமையோட மண்ணுதான் நம்மாளுக கல்யாணத்துல எரிஞ்சிருக்குமோ என்னவோ.

சரி, அப்பா கதைக்கு வர்றேன். லோயர் கேம்ப் ஓட ஆரம்பிச்ச பிறகும் டூரிங் டாக்கீஸ்க்கு இன்ஜின் இல்லாம முடியாது. கொட்டகை ஊர் ஊரா மாறும், போற இடத்துல எல்லாம் லைன் இருக்காது. இன்னொண்ணு, புரொஜக்டர்ல வெளிச்சத்துக்கு ரெண்டு கார்பன் குச்சியை நெருக்கி வச்சு எரிப்பாங்க. அதுக்கு டிசி கரண்டு வேணும். ஈபி கொடுக்கிறது ஏசி. அதனால ஒரு ஆயில் இன்ஜின், அதுல இருந்து பட்டை பெல்ட், பெல்ட்டோட மறுமுனையில டைனமோ.

"ஹேண்டிலைப் போட்டுச் சுத்தணும். வேகம் எடுத்ததும் லிவரைத் தட்டிவிடணும். ஒரு நொடி தப்புனா ஹேண்டில் திரும்பி அடிச்சு மணிக்கட்டு போயிரும்"பாரு அப்பா. போன மணிக்கட்டுகள் பத்தி அவர்கிட்ட தனிக் கதைகள் இருக்கு. ஆனா அவரோட உண்மையான வேலை கிளப்புறது இல்லையாம், கேக்குறதாம். இன்ஜின் கொஞ்சம் சோர்ந்தா திரையில வெளிச்சம் மங்கும், புரொஜக்டர் மோட்டார் மெதுவாகும், பாட்டு இழுக்கும். டிஎம்எஸ் குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிரும். உடனே தரை டிக்கெட்ல இருந்து விசில் பறக்கும். அதனால படம் முழுக்க திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, "டுபு டுபு டுபு" ஒரே சீரா வருதான்னு காதைத் தீட்டிக்கிட்டு இருப்பாராம். அத்தனை சிவாஜி படம் ஓட்டியும் ஒண்ணைக்கூட ஒழுங்கா பார்த்ததில்லையாம்.

இந்தக் காது விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

எண்பதுகள்ல டூரிங் கொட்டகைகள் ஒவ்வொண்ணா மூடிச்சு. இன்ஜின்கள் போன இடம் மைக் செட் கடைகள். ஊர்வலத்துல தலையில டியூப் லைட் தூக்கிட்டுப் போவாங்க, வரிசைக்குப் பின்னாடி தள்ளுவண்டியில ஜெனரேட்டர் உறுமிக்கிட்டே வரும். நாதஸ்வரக்காரர் எவ்வளவு தம் கட்டினாலும் அதை ஜெயிக்க முடியாது. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுல ராட்டினத்துக்குப் பக்கத்துல நின்னு டீசல் புகையை முகர்ந்தவங்களுக்கு நான் சொல்றது புரியும். எனக்கெல்லாம் திருவிழா வாசனைன்னா அதுதான்.

உண்மையிலேயே கையில தூக்குற ஜெனரேட்டர் நம்ம நாட்டுல பரவலா வந்தது 1980-களோட பின்பாதியில. 1985-ல ஸ்ரீராம் குழுமமும் ஜப்பான் ஹோண்டாவும் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனியோட செட்டு. கூடவே பிர்லா யமஹா. பெட்ரோல்ல கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துற ரகம் ரொம்பப் பிரபலம். போடியில நகைக்கடை, ஜவுளிக்கடை வாசல்ல எல்லாம் நடைபாதையில சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருப்பாங்க. மலை மேல ஏலத்தோட்டம் வச்சிருந்தவங்களுக்கும் அதுதான் கை விளக்கு. மழைக்காலத்துல மரம் விழுந்து லைன் அறுந்தா எப்ப வரும்னே தெரியாத இடம் அது. ரேஷன் மண்ணெண்ணெய் எந்தெந்த வழியா மலை ஏறுச்சுன்னு நான் எழுதப் போறதில்ல :-)

ஹோண்டா கம்பெனியோட பிறப்பே ஒரு ஜெனரேட்டர் கதைதான். 1946-ல, போர் முடிஞ்ச ஜப்பான்ல, ராணுவம் வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் எடுக்க வச்சிருந்த குட்டி ஜெனரேட்டர் இன்ஜின்கள் மிச்சமாக் கிடந்துச்சு. சோய்ச்சிரோ ஹோண்டா அதுல ஒரு 500 வாங்கி சைக்கிள்ல மாட்டி வித்தாரு. மோட்டார் சைக்கிள் சாம்ராஜ்யம் அங்க ஆரம்பிச்சது. 1965-ல அதே கம்பெனி இ300-னு கையில தூக்குற ஜெனரேட்டரைக் கொண்டு வந்துச்சு. கடன் தீர்ந்த கணக்குதான்.

இனி 2012. பதிவர்கள்ல பாதிப் பேர் அந்த வருஷத்தை மறந்திருக்க மாட்டீங்க. மின்வெட்டு 2008-லயே ஆரம்பிச்சாச்சு, ஆனா 2012-ல வந்தது வேற ஜாதி. சென்னைக்கு ரெண்டு மணி நேரம், மத்த மாவட்டங்களுக்கு ஒரு நாளைக்குப் பன்னெண்டு, பதினாலு மணி நேரம்கூட. அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான், 2011 டிசம்பர்ல, முல்லைப் பெரியாறுக்காகக் கம்பத்துல இருந்து குமுளி நோக்கி ஜனம் ஆயிரக்கணக்குல நடந்துச்சு. அந்தத் தண்ணியில ஓடுற மின் நிலையத்துக்குப் பக்கத்து ஊர்கள்ல விசிறி மட்டை வியாபாரம் சூடு பிடிச்சது. 2013 ஜனவரி 15-ல லோயர் கேம்ப்ல பென்னிகுக் மணிமண்டபம் திறந்தாங்க. போய்ப் பார்த்துட்டு வீட்டுக்கு வந்தா கரண்டு இல்ல.

கோபம் நியாயம்தான், ஆனா கணக்கு வேற. லோயர் கேம்ப் கரண்டு நம்ம கரண்டு இல்ல. அது மொத்தத் தொகுப்புக்குப் போயி, அங்க இருந்து பங்கு பிரிஞ்சு வருது. தொகுப்புல பற்றாக்குறைன்னா, கரண்டு பிறக்குற ஊருக்கும் கடைசி ஊருக்கும் ஒரே வெட்டு. அணைக்குக் கீழ இருக்கிற வயலுக்கு முதல் தண்ணி வர்ற மாதிரி கரண்டுல எதுவும் கிடையாது. அதனாலதான் இந்தப் பள்ளத்தாக்குல அன்னைக்கும் இன்னைக்கும் அவனவன் தன் கரண்டைத் தானே வச்சுக்க வேண்டியிருக்கு.

அந்த வருஷம் நானும் ஒரு பழைய செட்டு வாங்கினேன். மலிவு. ஒரு நாள் அம்மா மிக்ஸியை நிறுத்தினாங்க. பாரம் சட்டுனு குறைஞ்சதும் மிஷின் எகிறிச்சு, வோல்டேஜும் கூடவே எகிறிச்சு. டிவி பெட்டியும் அப்பாவோட நெபுலைசரும் ஒரே நேரத்துல காலி. அப்பா வந்து அரை நிமிஷம் கேட்டுட்டு "கவர்னர் செத்துப் போச்சுடா, இதுகூடவா காதுல விழல"ன்னாரு. விழலப்பா.

இப்ப வாங்கப் போனப்போ முதல் குழப்பமே பேருலதான். நம்ம ஊர்ல இன்வெர்ட்டர்னா பேட்டரியோட இருக்கிற பெட்டி. கடையில போய் "இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்"னு கேட்டா, "ரெண்டுல எது சார் வேணும்?"ங்கிறாங்க.

விஷயம் இதுதான். சாதாரண பெட்ரோல் ஜெனரேட்டர்ல இன்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுத்து சுத்தினாத்தான் 50 சைக்கிள் கரண்டு வரும். ஒரு பல்பு எரிஞ்சாலும் 3000, ஊரே எரிஞ்சாலும் 3000. அதனாலதான் அவ்வளவு சத்தம், அவ்வளவு பெட்ரோல். சுத்து தவறினா கரண்டும் தவறும். இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்ல இன்ஜின்ல இருந்து வர்ற கரண்டை அப்படியே வெளிய விடுறதில்ல. அதை டிசி ஆக்கி, எலெக்ட்ரானிக்ஸ் வச்சு மறுபடி சுத்தமான 50 சைக்கிள் ஏசியா செதுக்கி அனுப்புது. இன்ஜின் எந்த வேகத்துல ஓடினாலும் வெளிய வர்றது மாறாது. பாரம் குறைஞ்சா மெதுவா முனகும், கூடினா வேகம் எடுக்கும். எடையும் கம்மி. 1990-களோட கடைசியில ஹோண்டாவோட "ஈயூ" வரிசையில இது உலகம் பூரா பரவிச்சு. விலைதான் கண்ணைக் கட்டும். அதே கேவிஏவுக்கு சாதாரண செட்டைப் போல ரெண்டு மடங்கு, சிலது அதுக்கும் மேல.

எதுக்கு வாங்குறோம்னு முதல்ல எழுதிப் பாருடான்னு அப்பாதான் சொன்னாரு. டூரிங் டாக்கீஸ்ல அப்படித்தானாம், ஆர்க்குக்கு இவ்வளவு, மோட்டாருக்கு இவ்வளவு, மிச்சம்தான் வாசல் பல்புக்கு. எழுதினேன். ஆக்ஸிஜன் மிஷின் 350 வாட். ஒரு ஃபேன் 75. ரெண்டு எல்ஈடி பல்பு 20. ஃபிரிட்ஜ் ஓடும்போது 150தான், ஆனா கிளம்பும்போது அதைப் போல நாலஞ்சு மடங்கு ஒரு நொடிக்கு இழுக்கும். மோட்டார் வச்ச எதுவும் அப்படித்தான். ஒரு எச்பி தண்ணி மோட்டாரை நம்பி ஒரு கேவிஏ வாங்கினவங்க கதையெல்லாம் கடைக்காரரே சொல்லிச் சிரிச்சாரு. எங்களுக்கு ஒரு கேவிஏ மட்டுமட்டுமா போதும். ஆனா மூச்சு ஓடுற மிஷினை மட்டுமட்டுல ஓட்ட மனசு வரல. ரெண்டு கேவிஏ ரகம் எடுத்தேன். 20 கிலோ சொச்சம், நானே தூக்கிருவேன். இந்த ரகத்துல மூணரை லிட்டர் சொச்சம் பெட்ரோல் பிடிக்கும். கால் பாரத்துக்கு எட்டு மணி நேரம் ஓடும்ங்கிறாங்க. எங்களுக்கு ஆறு வந்தாலே போதும்.

அப்ப பேட்டரி இன்வெர்ட்டர் வேண்டாமான்னா, வேணும். 150 ஏஎச் பேட்டரியில 350 வாட் மூணு மணி நேரம் சொச்சம் ஓடும். சைன் வேவ் ரகமா இருக்கணும். பழைய ஸ்கொயர் வேவ்ல மிஷின் உறுமுற உறுமலுக்கு அப்பா எழுந்து உட்கார்ந்துருவாரு. தினப்படி ஒரு மணி, ரெண்டு மணி வெட்டுக்கு அது போதும். ஆனா ஒரு மணி நேரம் விட்டு ஒரு மணி நேரம் வெட்டினா பேட்டரி நிறையவே நிறையாது, 2012-ல பட்டாச்சு. ராத்திரி பூரா போற கரண்டுக்கு ஜெனரேட்டர். அதுவும் மக்கர் பண்ணினா சின்ன சிலிண்டர். 1500 லிட்டர் பிடிக்கிறது, நிமிஷத்துக்கு ரெண்டு லிட்டர்னா பன்னெண்டு மணி நேரம் வரும். அளவை நீங்களா முடிவு பண்ணாம டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

வச்ச இடத்தைப் பத்தி ரெண்டு விஷயம் கண்டிப்பா சொல்லணும். ஜெனரேட்டர் எவ்வளவு சத்தமில்லாம ஓடினாலும் புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு. மணமே இருக்காது, தூக்கத்துலயே ஆளை முடிச்சுரும். சத்தம் கம்மிதானேன்னு வராண்டாவுலயோ மாடிப்படிக்கு அடியிலயோ வைக்கிறதுதான் ஆபத்து. வீட்டை விட்டு இருபதடி தள்ளி, ஜன்னலுக்குப் பக்கம் இல்லாம. ஆக்ஸிஜன் இருக்கிற வீட்டுல பெட்ரோல் கேனும் உள்ள வரக் கூடாது. இன்னொண்ணு, ரெண்டு பக்கமும் பிளக் வச்ச வயரை எடுத்து சுவர் சாக்கெட்ல சொருகுற ஆளுங்க இருக்காங்க. நம்ம கரண்டு திரும்பி லைனுக்குப் போயி, கம்பத்துல ஏறி நிக்கிற ஈபி ஊழியரைக் கொன்னுரும். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போடாம ஓட்டாதீங்க. இப்ப பங்க்ல வர்றது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதை மாசக்கணக்கா டேங்க்ல ஊற விட்டா கார்புரேட்டர் அடைச்சுக்கும். மாசம் ஒரு தடவை கிளப்பி விடணும், இல்லேன்னா வடிச்சு வைக்கணும்.

இதைத் தூக்கிட்டு மலைக்குக் கேம்ப் போலாமேன்னு நம்ம மாப்ள ஒருத்தன் உடனே கிளம்பினான். குரங்கணி காட்டுத்தீ ஞாபகம் இருக்கா? 2018 மார்ச் 11, கொழுக்குமலைப் பக்கம் இருந்து இறங்கினவங்கள்ல 23 பேர் போய்ச் சேர்ந்தாங்க. மேகமலைப் பக்கம் 2021-ல இருந்து புலிகள் காப்பகம். காய்ஞ்ச புல்லுக்கு நடுவுல பெட்ரோல் மிஷினுக்கு என்ன வேலை? ரெண்டு போன், ஒரு விளக்குக்கு சின்ன லித்தியம் பேட்டரி போதும். சொந்தத் தோட்டத்து ஷெட்டுல ஓட்டுறதுன்னா, உயரம் கூடக் கூட இன்ஜினுக்கும் நம்மளை மாதிரியே மூச்சு வாங்கும்ங்கிறது ஞாபகம் இருக்கட்டும். 300 மீட்டருக்குச் சுமார் மூணரை சதவிகிதம் பலம் குறையும். 1500 மீட்டர்ல கணிசமான குறைவு, கொழுக்குமலை உயரத்துல கால்வாசிக்கு மேலயே போயிரும்.

மிஷின் வந்த அன்னைக்கு சாயங்காலம் தோட்டத்துல முருங்கை மரத்துக்கு அங்கிட்டு வச்சுக் கிளப்பினேன். ஹேண்டில் கிடையாது, ஒரு கயிறு, ரெண்டு இழுப்பு. அப்பா மூக்குல டியூப்போட வராண்டா நாற்காலியில உட்கார்ந்து காதைத் திருப்பினாரு. மெல்லிசா முனகல். ஆக்ஸிஜன் மிஷினைப் போட்டேன். இன்ஜின் சட்டுனு குரலை உசத்திச்சு, அப்புறம் இறங்குச்சு. ஃபிரிட்ஜ் கிளம்புச்சு, மறுபடி உசந்துச்சு. அப்பா முகம் மாறிருச்சு.

"நிறுத்துடா. சுத்து நிலையா இல்ல. இதுலயா என்னைக் கட்டிப் போடப் போற?"

அது அப்படித்தாம்பா, வேகம் மாறினாலும் கரண்டு மாறாதுன்னு விளக்கினேன். நம்பல. மீட்டரைக் கொண்டு வந்து காட்டினேன். 230, நிக்குது. இன்ஜின் ஏறி இறங்குது, 230 அசையல. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மீட்டரையே பார்த்தாரு. ஃபேனைப் போடச் சொன்னாரு, நிறுத்தச் சொன்னாரு. மறுபடி போடச் சொன்னாரு. பல்பை நிமிர்ந்து பார்த்தாரு, அது மங்கவே இல்ல.

"அப்ப இதுக்குப் பக்கத்துல ஆளு உட்கார வேண்டாமா?"

"வேண்டாம்ப்பா."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "ராத்திரிக்கு அந்த முருங்கை மரத்தோட சேர்த்து சங்கிலி போட்டுரு, தூக்கிட்டுப் போயிருவானுக"ன்னாரு.

அதுக்கப்புறம் நாலு தடவை ராத்திரியில ஓட்டியாச்சு. நான் தூங்கிடுறேன். அப்பாதான் தூங்காம அதைக் கேட்டுக்கிட்டே படுத்திருக்காருன்னு அம்மா சொல்றாங்க.